கம்பத்துக்கு மரியாதை

மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில் அந்தக் கம்பத்தை நட்ட ஆட்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தது என் அப்பாதான். காசு வாங்கவில்லை. "இனிமே ரோட்டுல எவனும் நம்மள மறிச்சு டீக்குத் துட்டு கேக்க மாட்டாம்லா, அதுக்குத்தான்" என்றார். நானும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு ஊரே சந்தோஷப்பட்டது. அப்பாவை மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அதற்கு முன்னால் எங்கள் சாலையில் நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வண்டியை மறிப்பார்கள். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தாலும் "பின்னால என்ன இருக்கு, திற" என்பார்கள். திறந்தால் அரை நாள் போச்சு. திறக்காவிட்டால் ஸ்டேஷன். சோதனை போட உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா என்று சட்டம் பேசியவன் எவனும் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியதில்லை. அப்புறம் எங்கேயோ ஒரு கல்லூரி மாணவர் லாக்கப்பில் செத்துப்போனார். ஊர் ஊராக மறியல் நடந்தது. கடைசியில் புதுச் சட்டம் வந்தது. சாதாரண வண்டிச் சோதனையில் எந்தப் போலீஸ்காரரும் தன் இஷ்டத்துக்கு வண்டிக்குள் கை விடக் கூடாது. ஓட்டுகிறவர் சம்மதிக்க வேண்டும், இல்லாவிட்டால் சந்தேகப்பட நியாயமான காரணம் இருக்க வேண்டும். சம்மதம் இருக்கிறதா, காரணம் இருக்கிறதா என்பதை மனிதன் சொல்லக் கூடாது. கம்பம் சொல்லும்.

சாம்பல் நிறக் கம்பம், உச்சியில் ஒரு கறுப்புக் குமிழ். அரசாங்கம் அதற்குச் சாலைத்துணை என்று அழகாகப் பேர் வைத்தது. எங்கள் ஊர் மொட்டைக்கம்பம் என்று வைத்தது. எங்கள் ஊர் வைத்ததுதான் நிலைத்தது. பத்து வண்டி போனால் ஒன்றை நிறுத்தும். ஆளின் கை எங்கே போகிறது, கண் எங்கே போகிறது, மூச்சு எப்படி வாங்குகிறது, எல்லாவற்றையும் பார்த்து ஒரு எண் போடும். எண் கோட்டைத் தாண்டாவிட்டால் குறுக்குத்தடி எழும்பும், போய்க்கொண்டே இருக்கலாம். தாண்டினால் பக்கத்துத் தகரக் கொட்டகையிலிருந்து போலீஸ் எழுந்து வரும். கம்பத்துக்கு யாரும் மாமன் மச்சான் இல்லை, அது காசு வாங்காது, சாதி பார்க்காது என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். நாங்கள் கை தட்டினோம்.

நான் முத்துப்பேச்சி. டவுனில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடிக்கிறேன். அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆயிற்று. அப்பா மாடக்கண்ணு, ஒரு குட்டியானை, நான். இவ்வளவுதான் வீடு. குட்டியானை என்றால் அந்தச் சின்ன லோடு வண்டி. அதில் அப்பா தோப்பிலிருந்து இளநீர் ஏற்றிக்கொண்டுபோய் டவுனில் கடை கடையாக இறக்குவார்.

பங்குனி மாசத்தில் ஒரு நாள் காலை கம்பம் அப்பாவை நிறுத்தியது. அந்த வீடியோவைப் பின்னால் வக்கீல் ஆபீஸில் போட்டுக் காட்டியபோதுதான் பார்த்தேன். அதற்கப்புறம் நானாகவே எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. "வணக்கம். வாகனத்தை நிறுத்தவும்" என்று கம்பம் பெண் குரலில், ரேடியோச் செய்தி வாசிக்கிற தமிழில் சொல்கிறது. அப்பா நிறுத்துகிறார். கதவைத் திறந்து இறங்குகிறார். கதவைச் சாத்தவில்லை. ரெண்டு எட்டு முன்னால் வருகிறார். வந்துகொண்டே, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இடுப்பில் கை விட்டுச் சட்டென்று அவிழ்த்துக் கணுக்கால் வரைக்கும் இறக்கி விடுகிறார். சாரம் என்றுதான் நாங்கள் லுங்கியைச் சொல்வோம். இறக்கி விட்டுவிட்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். எதிரில் ஆள் யாரும் இல்லை. ஏட்டையா கொட்டகைக்குள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்பா நின்றது வெறும் கம்பத்துக்கு முன்னால்.

எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லாருக்கும் இது தெரியும். எதிரில் பெரிய மனுஷர் வந்தால், அதிகாரி வந்தால், போலீஸ் வந்தால், மடித்துக் கட்டியது தானாக இறங்கும். யோசித்துச் செய்கிறதில்லை, கை செய்துவிடும். கம்பத்துக்கு மட்டும் இது தெரியாது. அது இரண்டு விஷயங்களைப் பதிவு செய்தது. கதவைத் திறந்து போட்டுவிட்டு விலகி வந்தது, சோதனைக்குச் சம்மதம். இடுப்புக்குள் வேகமாகக் கை போனது, ஆயுதமோ வேறெதுவோ மறைக்கிற முயற்சி. எண் கோட்டைத் தாண்டியது.

ஏட்டையா எழுந்து வந்து வண்டியைச் சோதித்தார். டிரைவர் சீட்டுக்கு அடியில் அரிவாள் இருந்தது. இளநீர்க்காரன் வண்டியில் அரிவாள் இல்லாமல் அல்வாவா இருக்கும்? ஆனால் எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு விதி உண்டு. தொழில் கருவி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தால் கருவி, மறைவாக இருந்தால் ஆயுதம். அப்பா அதைச் சீட்டுக்கு அடியில் போட்டு வைத்தது, மேடு பள்ளத்தில் குதித்து ரோட்டில் போகிறவர்கள் மேல் விழுந்துவிடக் கூடாது என்று. மறைத்த ஆயுதம், சந்தேகமான அசைவு. கைது.

நான் டைப் அடித்துக்கொண்டிருந்த ரிப்போர்ட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். ஏட்டையா பரமார்த்தலிங்கத்தை எனக்குச் சின்னப்பிள்ளையிலிருந்து தெரியும். அப்பாவிடம் எத்தனையோ நாள் இளநீர் குடித்திருக்கிறார்.

"என் கையில என்ன தாயி இருக்கு?" என்றார். "முன்னால மாதிரி இருந்தா, ஏ மாடக்கண்ணு, போடேன்னு நான் விட்டுருப்பேன். இப்ப கம்பம் எண் போட்டுட்டா நான் ஆளை ஏத்தியே ஆகணும். ஏத்தலன்னா எனக்கு மெமோ வரும்."

"எங்கப்பாவ உங்களுக்குத் தெரியாதா ஏட்டையா?"

"எனக்குத் தெரியும் தாயி. நான் தெரிஞ்சு என்ன செய்ய? தெரிஞ்சவன் தெரியாதவன்னு நாங்க பாக்கக் கூடாதுன்னுதானே நீங்கள்லாம் மறியல் பண்ணி இதை நட்டீய."

அவர் சொன்னது உண்மை என்பதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய ஆத்திரம்.

வக்கீல் ஷமீமா மேடம் எங்கள் ஸ்கேன் சென்டர் மாடியில்தான் ஆபீஸ் வைத்திருந்தார். ஃபீஸ் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. வீடியோவைப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்கப்பா மேல தப்பே இல்ல, முத்துப்பேச்சி. அந்தக் கம்பம் எங்கேயோ வெளியூர்ல, வெளிநாட்டுல படிச்சது. அங்க போலீஸ் நிறுத்துனா ஆளு வண்டிக்குள்ளேயே உக்காந்திருப்பான். ரெண்டு கையையும் ஸ்டியரிங் மேல வச்சுக்குவான். இறங்கி வந்தா வண்டியை உங்ககிட்ட ஒப்படைச்சுட்டேன்னு அர்த்தம். இடுப்புக்குக் கை போனா துப்பாக்கின்னு அர்த்தம். நம்ம ஊர்ல வண்டிக்குள்ளேயே உக்காந்திருந்தா என்ன சொல்லுவாங்க?"

"திமிரு புடிச்சவன்னு அடிப்பாங்க."

"அதேதான். நம்மாளு இறங்கணும்னு பழகினவன். கம்பம் இறங்கக் கூடாதுன்னு படிச்சது. நடுவுல உங்கப்பா மாட்டிக்கிட்டார்."

"அப்ப இதைச் சொன்னா விட்டுருவாங்களா மேடம்?"

"சோதனையே சட்டப்படி செல்லாதுன்னு ஆக்கணும். சோதனை செல்லாதுன்னா, அதுல கிடைச்ச அரிவாளும் செல்லாது. அரிவாள் போச்சுன்னா கைதும் போச்சு. ஆனா அது பெரிய கோர்ட் வரைக்கும் போகும். கம்பத்தை நம்பி நாடு முழுக்க எத்தனை பேரை உள்ள வச்சிருக்காங்க தெரியுமா? சும்மா விட மாட்டாங்க."

ஜாமீன் கிடைக்கவே பல வாரங்கள் ஆயின. சிறையில் அப்பாவைப் பார்க்கப் போனபோது கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் சின்னதாகியிருந்தார். வெற்றிலை போடாமல் உதடு வெளுத்திருந்தது. எனக்கு அழுகையை விடக் கோபம்தான் முதலில் வந்தது.

"எப்பா, ஒரு ஆளும் இல்லாத எடத்துல, கம்பத்துக்குப் போயி என்னத்துக்குச் சாரத்தை எறக்கி விட்ட?"

"ஆளு இல்லன்னா என்னட்டி? சர்க்காரு அங்கனதானே நிக்கி" என்றார்.

ஜாமீன் உத்தரவில் ஒரு நிபந்தனை இருந்தது. வழக்கு முடிவதற்குள் கம்பத்தில் இன்னொரு தடவை எண் தாண்டினால் ஜாமீன் ரத்து. அப்பா அந்தக் கம்பத்தைத் தாண்டாமல் டவுனுக்குப் போக வேறு வழி கிடையாது. தொழிலை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்கும் தோப்பும் வண்டியும் தவிர வேறு என்ன தெரியும்? ஆகவே வீட்டு வாசலில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தேன்.

அப்பாவைக் குட்டியானைக்குள் உட்கார வைப்பேன். நான் முன்னால் போய் நின்று கம்பத்தின் குரலில், "வணக்கம். வாகனத்தை நிறுத்தவும்" என்பேன். அப்பா உடனே கதவைத் திறந்துவிடுவார். "எப்பா!" என்று கத்துவேன். மறுபடியும் உட்காருவார். மறுபடியும் சொல்வேன். இந்தத் தடவை இறங்க மாட்டார், ஆனால் உட்கார்ந்தபடியே கை இடுப்புக்குப் போகும். எதிர் வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நானும்தான். பேன்ட் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். பேன்டைப் போட்டுக்கொண்டும் கை இடுப்பைத் தடவியது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐம்பத்தெட்டு வயசு மனுஷனின் கைக்கு யார் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள், எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டே படுத்துக் கிடந்தேன்.

ஆடி முடிவதற்குள் அப்பா கற்றுக்கொண்டுவிட்டார். வண்டி நிற்கும். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் இருக்கும். முதுகு நிமிர்ந்திருக்கும். சாரம் மடித்துக் கட்டியபடியே, பாதித் தொடை தெரிய, அப்பா கம்பத்தை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தடி எழும்பும். போய்விடுவார். ஒரு நாள் நானும் கூடப் போனபோது அதைப் பார்த்தேன். என் அப்பா அதிகாரத்துக்கு முன்னால் அப்படி உட்கார்ந்து நான் ஆயுசில் பார்த்ததில்லை. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வழக்கு பெரிய கோர்ட்டுக்குப் போனது. விசாரணைக்கு முந்தைய நாள் ஷமீமா மேடம் தான் வாதாடப் போவதை எனக்குப் படித்துக் காட்டினார். மடித்துக் கட்டிய ஆடையை இறக்கி விடுவது இந்த வட்டாரத்து மக்கள் அரசுக்குக் காட்டும் மரியாதை என்று எழுதியிருந்தார்.

"மேடம், அதை மரியாதைன்னு சொல்லாதீங்க" என்றேன்.

"ஏன்?"

"அது மரியாதை இல்ல, பயம். எங்க தாத்தா மேலத்தெரு வழியா போகணும்னா தோள்ல கிடக்க துண்டை எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிடணும், கட்டுனதை எறக்கி விட்டுக்கிடணும். எறக்கலன்னா அடி. அதைப் பாத்துப் பாத்துத்தான் எங்கப்பாவுக்கு இது வந்துது. மரியாதைன்னா மனசார செய்யணும்லா? எங்கப்பா மனசார எறக்கல. அவரு கை எறக்குது."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குத் தெரியாதா முத்துப்பேச்சி? ஆனா நான் கோர்ட்ல பயம்னு சொன்னேன்னு வை. அரசு வக்கீல் எந்திரிப்பார். 'ஆமா மை லார்ட், பயம்தான். அதைத்தான் கம்பமும் கண்டுபிடிச்சுது. தப்பு பண்ணாதவன் எதுக்குப் பயப்படணும்?' அப்படின்னு கேட்டுட்டு உக்காந்துருவார். அதோட நம்ம கதை முடிஞ்சுது. சட்டத்துல பயத்துக்குப் பேரு சந்தேகம். மரியாதைன்னு சொன்னாத்தான் கம்பம் பண்ணது தப்பு, உங்கப்பா பண்ணது சரின்னு ஆகும். உனக்கு அப்பா வெளிய வரணுமா, உண்மை வெளிய வரணுமா?"

"அப்பாதான் வரணும்" என்றேன். வேறு என்ன சொல்வேன்?

கோர்ட்டில் கம்பத்தைச் செய்த கம்பெனியிலிருந்து ஒரு இளம் இன்ஜினியர் வந்திருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தார். பல லட்சம் வண்டிச் சோதனைகளைப் பார்த்துக் கம்பம் கற்றுக்கொண்டது என்று சொன்னார். "அந்த ஊர்களில் ஜனங்க என்ன உடுத்துவாங்க?" என்று நீதிபதி கேட்டார். "பேன்ட், மை லார்ட்" என்றார் இன்ஜினியர். கோர்ட்டே சிரித்தது. அப்பாவும், எல்லாரும் சிரிக்கிறார்களே என்று, கடைசி பெஞ்சிலிருந்து சிரித்தார்.

நாங்கள் ஜெயித்தோம். வண்டியை விட்டு இறங்கி நிற்பது சோதனைக்குச் சம்மதம் ஆகாது. மடித்துக் கட்டிய ஆடையை இறக்குவது இவ்வட்டார மக்கள் அரசுக்குக் காட்டும் மரியாதை, அதைச் சந்தேகத்துக்கு முகாந்திரமாகக் கொள்ளக் கூடாது. மாடக்கண்ணுவின் வண்டியில் நடந்த சோதனை சட்ட விரோதம், கைதும் சட்ட விரோதம். கம்பங்கள் அந்தந்த வட்டாரத்தின் மரியாதைப் பழக்கங்களை உடனடியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். இப்படித் தீர்ப்பு வந்தது. டி.வி.யில் அப்பாவைக் காட்டினார்கள். இது எளிய மனிதனின் வெற்றி என்றார்கள். தெரு முழுக்க வெடி போட்டார்கள். ஏட்டையாவே வீட்டுக்கு வந்து, "அண்ணாச்சி, இனி நீங்க தாராளமா எறக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார்.

"இனி எதுக்கு ஏட்டையா எறக்கணும்? நாமதான் ஜெயிச்சாச்சே" என்றார் அப்பா.

தீர்ப்பு என்றால் அப்பாவுக்கு அதுதான் அர்த்தம். அவரை ஒரு கம்பம் இழுத்துக்கொண்டுபோய் உள்ளே வைத்தது, பெரிய கோர்ட் அந்தக் கம்பத்தைத் தப்பு என்று சொல்லிவிட்டது, இனி அவர் யார் முன்னாலும் காலைக் காட்டிக்கொண்டு உட்காரலாம். நான் அதைத் திருத்தவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கம்பெனி ஆட்கள் வந்தார்கள். விலக்கில் பந்தல் போட்டு, கேமரா வைத்து, எங்கள் ஆட்கள் போலீஸுக்கு முன்னால் எப்படி நிற்கிறார்கள் என்று ஐப்பசி முழுக்கப் படம் எடுத்தார்கள். எங்கள் ஆட்களுக்குப் பெருமை தாங்கவில்லை. நம்ம பழக்கத்தை மெஷின் படிக்கிறது என்று, சும்மா போகிறவன்கூட வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, சாரத்தை நன்றாக இறக்கி விட்டு, கை கட்டி நின்று காட்டினான். அந்த இன்ஜினியரும் வந்திருந்தார். அப்பா அவருக்கு ரெண்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார், சிரட்டையைக் கீறி வழுக்கையும் எடுத்துக் கொடுத்தார். "சார் பாவம், கோர்ட்டுல எல்லாருமா சேந்து சிரிச்சுட்டோம்" என்றார்.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை காலை. பத்து மணி இருக்கும். ஏட்டையா எனக்குப் போன் போட்டார். குரல் சரியில்லை.

"தாயி, கொஞ்சம் ஸ்டேஷனுக்கு வா. அப்பாவ மறுபடி ஏத்தியாச்சு."

"எதுக்கு? அவரு எறங்கலியே? இப்பல்லாம் அவரு எறங்குறதே இல்லியே?"

"அதான் தாயி" என்றார் ஏட்டையா. "அதுக்குத்தான்."

ஸ்டேஷன் வாசலில் ஷமீமா மேடம் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். உள்ளே ஏட்டையா அன்றைய வீடியோவைப் போட்டுக் காட்டினார். அப்பா வண்டியை நிறுத்துகிறார். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல். முதுகு நிமிர்ந்திருக்கிறது. சாரம் மடித்துக் கட்டியபடி இருக்கிறது. நான் சொல்லிக் கொடுத்தது ஒன்று பாக்கியில்லை. வழக்கமாக எழும்புகிற தடி இந்தத் தடவை எழும்பவில்லை. கம்பம் பேசுகிறது.

"மாடக்கண்ணு நெறிமுறைப்படி, இவ்வட்டாரத்தில் எதிர்பார்க்கப்படும் மரியாதைச் செயல் பதிவாகவில்லை. சோதனைக்கு ஒத்துழைக்கவும்."

"மாடக்கண்ணு நெறிமுறையா?" என்றேன்.

"தீர்ப்புக்கு உங்கப்பா பேரைத்தான் வச்சிருக்காங்க" என்றார் மேடம். அவர் என்னைப் பார்க்கவில்லை. "இன்னைக்குக் காலைலதான் எல்லாக் கம்பத்துலயும் புதுசா ஏத்துனாங்க. கோர்ட் சொன்னது, இறக்கி விட்டா சந்தேகப்படாதேன்னு மட்டும்தான். ஆனா அந்தக் கம்பத்துக்கு ஒண்ணை மட்டும் விடத் தெரியாதும்மா. அது எதையும் சராசரியாத்தான் படிக்கும். படம் எடுத்தப்ப நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேர் இறங்கி, இறக்கி விட்டு நின்னிருக்காங்க. அதுதான் ஒழுங்கான ஆளோட லட்சணம்னு அது படிச்சுக்கிச்சு. அப்போ அதைச் செய்யாதவன் யாரு? ஏதோ உள்நோக்கம் உள்ளவன். உங்கப்பா சிரிச்சாரு பாரு, அதுக்கு வேற தனியா எண் கூட்டியிருக்கு."

திரையைப் பார்த்தேன். கம்பம் பேசி முடித்ததும் அப்பா சிரித்தார். வாய் நிறையச் சிரித்தார்.

"அரிவாளை வெளியிலதான மேடம் வச்சிருந்தாரு? கண்ணுக்குத் தெரியுற மாதிரி, பக்கத்து சீட்டுல? நாந்தான் வைக்கச் சொன்னேன்."

"அதுவும் இருக்கு. போன தடவை மறைச்சு வச்சிருந்தார்னு கேஸ். இந்தத் தடவை எடுத்து வெட்டத் தயாரா, கைக்கு எட்டுற தூரத்துல வச்சிருந்தார்னு கேஸ். கண்ணுக்குத் தெரிஞ்சா கருவிங்கிறது எண் தாண்டாதவனுக்குத்தான். சந்தேக எண் தாண்டினவன் கையெட்டுற இடத்துல ஆயுதம் இருந்தா ஜாமீனே கிடையாது."

"சரி, மறுபடி பெரிய கோர்ட்டுக்குப் போவோம். போன தடவை ஜெயிச்சோம்லா."

மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எதைச் சொல்லிப் போறது? கம்பம் தப்புன்னு சொல்லணும்னா, சாரத்தை இறக்குறது மரியாதை இல்லன்னு நான் இப்ப சொல்லணும். அப்படிச் சொன்னா நம்ம தீர்ப்பையே நாம தப்புன்னு சொல்ற மாதிரி. தீர்ப்பு உடைஞ்சா பழைய கேஸுக்கு உயிர் வந்துரும். மரியாதைன்னு சொன்னா இந்தக் கேஸ்ல மாட்டுவார். இல்லன்னு சொன்னா அந்தக் கேஸ்ல மாட்டுவார். வாதத்தை எழுதுனப்பவே இதை யோசிச்சிருக்கணும். அது மரியாதை இல்லன்னு நீ சொன்னப்பவே..."

நான் அவரைத் திட்டவில்லை. திட்டுவதற்கு யாராவது ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்றுதான் இருந்தது. நீதிபதி எங்களுக்கு நல்லதுதான் செய்தார். இன்ஜினியர் கோர்ட் சொன்னதைச் செய்தார். ஏட்டையாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. ஊர்க்காரர்கள் பெருமைக்குக் கேமரா முன்னால் நின்று காட்டினார்கள். முன்னாலென்றால் ஒரு போலீஸ்காரனைக் காட்டி, இவன்தான், இவன்தான் என் அப்பாவை அடித்தான் என்று ரோட்டில் உட்கார்ந்து கத்தியிருப்பேன். இப்போது யாரைக் காட்டுவது? நாசமாய்ப் போக என்று மண்ணை வாரித் தூற்ற ஒரு முகம்கூட எங்களுக்கு மிச்சம் வைக்கவில்லை.

வெளியே விலக்குப் பக்கமிருந்து வண்டிகள் நின்று நின்று கிளம்புகிற சத்தம் கேட்டது. கீழத்தெருப் பையன்கள் சிலர் முன்பெல்லாம் வீம்புக்காகவே எவன் முன்னாலும் சாரத்தை இறக்க மாட்டார்கள். ஏட்டையா சொன்னார், காலையிலிருந்து அவர்களும் இறங்கி, இறக்கி விட்டு, கை கட்டித்தான் நிற்கிறார்களாம். அப்பாவை ஏற்றியதைப் பார்த்தவர்கள் அவர்கள்.

"போயி அப்பாவப் பாரு தாயி. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல" என்று ஏட்டையா கதவைத் திறந்து விட்டார்.

அப்பா லாக்கப்பில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போன தடவை மாதிரி ஒடுங்கிப்போகவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எதையோ எனக்குச் சொல்வதற்காகக் காலையிலிருந்து காத்திருந்தவர் போல இருந்தார்.

"ஏட்டி, கம்பம் என் பேரைச் சொல்லிச்சு, தெரியுமா?"

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நெசமாத்தான் சொல்லுதேன். எம்புட்டு வண்டி போவுது, ஒருத்தன் பேரையும் அது சொன்னதில்ல. இன்னைக்குச் சொல்லுது, மாடக்கண்ணுன்னு, தெளிவா. சரி, கோர்ட்டுல ஜெயிச்ச ஆளுன்னு நம்மள அடையாளம் தெரிஞ்சுக்கிட்டு, விட்டுரும்னு உக்காந்திருந்தேன். அதுக்குப் பொறவு அது என்னமோ சொல்லிச்சு, எனக்குப் பிடிபடல."

"ஆமாப்பா. உன் பேரத்தான் சொல்லிச்சு."

"நம்ம கேஸுதானே அது? நாம ஜெயிச்சது?"

"ஆமாப்பா. நம்ம கேஸுதான்."

"பொறவு எதுக்கு அழுத, கிறுக்கச்சி?" என்றார் அப்பா. "ஜெயிச்ச கேஸுல எத்தனை நாளைக்குப் பிடிச்சு வச்சிருப்பான்? சாயங்காலம் வந்துருவேன். தோப்புல எறக்குன காய் வண்டியிலயே கெடந்து காயுது, அதை மட்டும் யாரையாவது விட்டுக் கடையில எறக்கச் சொல்லிட்டு, நீ வேலைக்குப் போ."

"சரிப்பா" என்றேன்.